பாலாடை எங்கே போகிறது

இன்று சுபஹுத் தொழுதுவிட்டு வந்து நானே பால் காய்ச்சினேன். மகள் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் ஏதோ கூட்டமாம், வேளைக்கே போய்விட்டாள். எருமைப் பால் பொங்கி ஆறும்போது வருகிற அந்த மணம் குசினி முழுக்க நிறைந்திருந்தது. மேலே தடித்த ஆடை படிந்து, ஓரங்களில் சுருங்கத் தொடங்கியிருந்தது. கரண்டியால் அதை ஒதுக்கி எடுத்தேன். எடுத்த பிறகு எங்கே வைப்பதென்று தெரியாமல் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் உன்னோடு கதைக்க வேண்டும் போலிருந்தது.

நீ மவுத்தாகி இரண்டு நோன்புப் பெருநாள் போய்விட்டது. உயிரோடு இருந்த காலத்தில் நான் உனக்கு ஒரு மடல்கூட எழுதியதில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை. கலியாணம் முடித்து உன் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த நாளிலிருந்து நான் போன தூரமெல்லாம் கல்முனைக்குடிக் கடைத்தெருவுக்கும், பால் எடுக்க நாவிதன்வெளிப் பக்கத்து எருமைப் பட்டிகளுக்கும்தான். பின்நேரம் ஆகும்போது வீட்டுக்கு வந்துவிடுவேன். சொல்ல வேண்டியதைச் சோறு போடும்போது சொல்லிக்கொண்டோம்.

என்னுடைய சாப்பாடு உனக்குத் தெரியும். விடியத் தடித்த பாலில் சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணி. பகல் சோற்றுக்குப் பிறகு தயிர், அதன் மேலே இனிக்க இனிக்கப் பாணி. வெள்ளிக்கிழமையென்றால் நெய்ச்சோறு. தயிர் விற்கிறவன் தயிர் சாப்பிடாமல் இருந்தால் சனம் என்ன நினைக்கும் என்று நான் சொல்ல, நீ சிரித்துக்கொண்டே இன்னொரு அகப்பை வைப்பாய். நீ என்ன சாப்பிட்டாய் என்று நான் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் பெண்கள் கடைசியில்தான் சாப்பிடுவார்கள். அந்த நேரம் ஆண்கள் படுத்துவிடுவார்கள்.

ஒரு நாள் காலையில் கடையில் தயிர்ச் சட்டிகளை இறக்கிக்கொண்டிருக்கும்போது என் நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்தது போல இருந்தது. கையிலிருந்த சட்டியை வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்தபடி நிலத்தில் இருந்துவிட்டேன். எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவர் ஓடி வந்தார். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "ஹார்ட்டு, ஹார்ட்டு, ஓட்டோ ஒண்டப் புடிங்க" என்றுதான் கத்தினார். ஆம்பிளை ஒருவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தால் அது என்னவென்று எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் நான் பிழைத்தேன். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, அடைத்த குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு விட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் மற்றக் கரைச்சல் தொடங்கியது. நோய் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். பாலைக் கண்ணாலும் பார்க்காதே, தயிரை வீட்டுக்குள் எடுக்காதே. என் ராத்தா கட்டில் ஓரத்தில் இருந்து என் காலைத் தடவிக்கொண்டே அழுதா. "தம்பி, உன்ட தயிருதான் உன்னத் திண்டிட்டு" என்றா. கடைத்தெருவிலும் அதே கதைதான். தயிர்க்காரனுக்கே தயிரால் வருத்தம் வந்துவிட்டதாம், இனி யார் அங்கே வாங்குவது என்று யாரோ சொன்னது என் காதுக்கு வந்தது. மற்றவர்கள் சிரித்தது எனக்குப் பெரிதாகப் படவில்லை. இத்தனை வருசமாக நான் ஊருக்கு விற்றது நோயையா என்ற எண்ணம்தான் என்னை வாட்டியது. என் கையால் தயிர் வாங்கிச் சாப்பிட்டு மவுத்தானவர்களின் முகமெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. கடையை மூடப்போகிறேன் என்று உன்னிடம் சொன்னேன்.

நீ முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாய். தலை நிமிராமல் சொன்னாய்.

"மூடுறெண்டா மூடுவம். ஆனா கேட்டுட்டு மூடுவம். கேக்காம மூடப்படாது."

"ஆருட்டக் கேக்கிற?"

"டொக்டருட்ட. வேற ஆருட்ட? ராத்தாட்டயா?"

அடுத்த கிளினிக்குக்கு நீயும் வந்தாய். யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருத்தி அங்கே டொக்டராக இருந்தா. மற்ற நோயாளிகளின் பெண்சாதிமார் வெளியே வாங்கிலில் இருக்க, நீ மட்டும் என்னோடு உள்ளே வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாய். உள்ளூர எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. நீயோ மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டாய். பால் கூடாதா? எந்தப் பால் கூடாது? தயிரும் நெய்யும் ஒன்றா? பால்மா எப்படி?

அந்தப் பிள்ளை பேனையை வைத்துவிட்டு ஆறுதலாகப் பதில் சொன்னா. "தயிர் எதிரியில்லை அம்மா. ஐயாவுக்கு இந்த வருத்தம் ஒண்டால மட்டும் வரேல்ல. சிகரெட், சீனி, பிரஷர், பரம்பரை எல்லாம் சேர்ந்துதான் வந்தது. எருமைப் பாலில கொழுப்புக் கூட. அதால ஆடை, நெய், பட்டர் இதுகளைக் குறைக்க வேணும். ஆடை எடுத்த பாலில உறைய வைச்ச தயிர் ஒரு சின்னக் கிண்ணம் சாப்பிட்டால் பிழையில்லை. பாணிதான் வேண்டாம். பாலும் தயிரும் இதயத்துக்கு நல்லதா கெட்டதா எண்டு ஆராய்ச்சி செய்யிற ஆக்களே இன்னும் ஒரே மாதிரிச் சொல்லேல்ல. அதால நான் உங்களுக்கு அளவைத்தான் சொல்லலாம்."

நான் மூச்சு விட்டேன். கடை பிழைத்துவிட்டது என்று நினைத்தேன். நீயும் எழும்பப் போனாய். எழும்பும்போது பெருமையாகச் சொன்னாய், ஆஸ்பத்திரியிலிருந்து நான் வீட்டுக்கு வந்த நாள் தொட்டு என் பாலில் ஒரு பொட்டு ஆடைகூட விடாமல் நீ எடுத்துவிடுவதாக.

அந்தப் பிள்ளை கேட்டா: "எடுக்கிற ஆடை எங்க போகுது?"

நீ சிரித்துவிட்டாய். "அத வீசவா ஏலும் டொக்டர்? சீனி போட்டுப் பாணோட நான் திண்டுருவன்."

அவ சிரிக்கவில்லை. உன்னை ஒரு தரம் வடிவாகப் பார்த்தா. "உங்களுக்கும் இதயம் இருக்குதுதானே அம்மா" என்றா.

பிறகு அவ உன் கையைப் பிடித்துப் பிரஷர் பார்த்தா. பார்த்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தா. கடைசியாக எப்போது பார்த்தது என்று கேட்டா. நீ யோசித்துவிட்டு, மகள் வயிற்றில் இருக்கும்போது பார்த்தது என்று சொன்னாய். மகள் அப்போது கம்பசில் படித்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு அந்தப் பிள்ளை சொன்னதையெல்லாம் நீ பாடமாக்கிக்கொண்டு வந்தாய். மாதவிலக்கு நிற்கும்வரை பெண்களுக்கு ஓரளவு காவல் இருக்கிறது, அதற்குப் பிறகு ஆம்பிளைக்கு வருகிற வருத்தம் பெண்ணுக்கும் வரும். வரும்போது ஆம்பிளைக்கு வருவது போல நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் வரும் என்றில்லை. தாடை நோகலாம், முதுகு நோகலாம், மூச்சு வாங்கலாம், வயிற்றைப் பிரட்டலாம், காரணமில்லாமல் களைத்துப் போகலாம். வீட்டில் உள்ளவர்கள் வாய்வு என்று இஞ்சி குடுத்துப் படுக்க வைப்பார்கள். ஓட்டோவில் வரும்போது நீ இதை எனக்குச் சொல்லவில்லை, உனக்கே சொல்லிக்கொண்டு வந்தாய். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் என் பக்கம் திரும்பினாய்.

"பாருங்க, எனக்கு ஒண்டு வந்திருந்தா நீங்களும் இஞ்சிதான் குடுத்திருப்பீங்க."

ஓம் என்றேன்.

இரத்தம் சோதித்துப் பார்த்ததில் உன் கொலஸ்ட்ரோல் என்னுடையதை விடக் கூட. உனக்கும் குளிசை தந்தார்கள். மற்றவர்களாக இருந்தால் ஊருக்கு மறைத்திருப்பார்கள். நீ மறைக்கவில்லை. எடுத்த ஆடையை வீட்டில் வைக்காமல் கடைக்கு அனுப்பினாய், நான் அதை உருக்கி நெய்யாக விற்றேன். நெய் வாங்க வருகிறவர்களிடம், கிழமைக்கு ஒரு தரம் போதும் என்று நீயே வந்து சொன்னாய். எனக்குக் கோபம் வந்தது.

"வாங்க வாறவனுக்குக் குறைச்சுத் திண்ணச் சொல்ற கடைய எங்கயாவது கண்டிருக்கியா?"

"இல்ல" என்றாய். "அதுதான் நம்மட கடை."

ஆடை எடுத்த பாலில் தனியாகச் சின்னச் சட்டிகளில் தயிர் போடத் தொடங்கினோம். முதலில் தண்ணீர்த் தயிர் என்று சிரித்தார்கள். பிறகு வருத்தக்காரர்கள் தேடி வந்தார்கள். கொஞ்ச நாளில் வருத்தமில்லாதவர்களும் வந்தார்கள்.

அதோடு நீ விட்டிருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். உன் குடும்பத்தில் ஒரு பிள்ளை தாதியாக இருந்தாளே, அவளைப் பிடித்தாய். வெள்ளிக்கிழமைகளில் அஸர்த் தொழுகைக்குப் பிறகு நம்முடைய முன்வீட்டில் பாய் விரித்துத் தெருவில் உள்ள பெண்களைக் கூட்டினாய். அவள் ஒவ்வொருவருக்காகப் பிரஷர் பார்த்தாள். நீ கதைத்தாய். நான் வெளி விறாந்தையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். "உங்கட புருசனுக்கு எந்தக் குளிசை, எத்தின மணிக்கெண்டு உங்களுக்குத் தெரியும். உங்கட பிரஷர் எவ்வளவெண்டு தெரியுமா?" என்று கேட்பாய். நாலு பேர் கூடினால் கதைக்கக் கூச்சப்படுகிற பெண் என்று உன்னை நினைத்திருந்தேன். உன் குரலில் அப்படி ஒரு நிதானம் இருப்பதை அந்த விறாந்தையில்தான் அறிந்தேன்.

ராத்தா மட்டும் வரவில்லை. "தம்பிட பொண்டாட்டி டொக்டர் வேலை பாக்கிறா" என்று ஊரெல்லாம் சொன்னா. நீ அதற்குக் கோபப்படவில்லை. ராத்தாவை நீ மச்சி என்பாய். மச்சி தயிரில் பாணி ஊற்றுவதை நிறுத்தினால் போதும் என்றாய்.

அதே ராத்தாவின் இளைய மகளுக்குக் கலியாணம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் பாலமுனையிலிருந்து வரவேண்டும். பந்தலில் நாங்கள் ஆண்கள் இருந்தோம். பெரியவர்கள் வந்துவிட்டார்கள், நிக்காஹ் முடித்து வைக்கிற லெப்பை வந்துவிட்டார், மாப்பிள்ளை வாகனம் நிந்தவூர் தாண்டிவிட்டது என்று போன் வந்தது. பின்பக்கம் நெய்ச்சோறு தம்மில் இருந்தது. அந்த நேரம் பெண்கள் பக்கத்துத் திரையை ஒதுக்கிக்கொண்டு நீ வெளியே வந்தாய்.

கலியாண வீட்டில் ஆண்கள் சபைக்கு நடுவில் ஒரு பெண் அப்படி வந்து நிற்பதை நான் அதற்கு முன் கண்டதில்லை. முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டபடி நேரே என்னிடம் வந்தாய்.

"ஓட்டோ ஒண்டக் கூப்பிடுங்க. மச்சிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

நாங்கள் எல்லாரும் எழும்பிவிட்டோம். ராத்தா பின்குசினியில் வேர்த்துப்போய்ச் சுவரில் சாய்ந்திருக்கிறா, தாடை நோகுது, முதுகு நோகுது என்கிறா, வயிற்றைப் பிரட்டிச் சத்தி வருகிறதாம் என்று சொன்னாய். அதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கிழவி, "விடியத்தில இருந்து பசியோட ஓடித் திரிஞ்சா, வாய்வுதான், இஞ்சித் தேத்தண்ணி குடுத்திரிக்கம்" என்றா.

ராத்தாவின் புருசன், என் மச்சான், பொல்லாதவர் அல்ல. ஆனால் மகளுடைய நிக்காஹ் நேரம். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"மாப்பிள்ள வாற நேரம் புள்ள. வாய்வுக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடினா சபையில என்ன கதைப்பாங்க? கொஞ்சம் பாப்பம்."

நீ அவரை நேராகப் பார்த்தாய். குரலை உயர்த்தவில்லை.

"மச்சான், நான் சொல்றது பிழையெண்டா இந்தச் சபையில நிண்டு எல்லாருட்டயும் மாப்புக் கேக்கிறன். சரியெண்டா, மறுகா ஆருட்டப் போய்க் கேக்கிற?"

நான் ஓட்டோவுக்கு ஓடினேன். என் வாழ்க்கையில் உன் சொல்லுக்கு நான் அவ்வளவு வேகமாக ஓடியது அன்றைக்குத்தான். பட்டுச் சாரியோடு ராத்தாவைத் தூக்கி ஏற்றினோம். நீ அவவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாய். "எனக்கு நெஞ்சு நோகல்லடி, விடு, புள்ளட நிக்காஹப் பாக்கணும்" என்று அவ முனகிக்கொண்டே வந்தா. நீ "ஓம் மச்சி, பாக்கலாம், பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே ஓட்டோக்காரரிடம் கையால் வேகம் காட்டினாய்.

ஈசிஜி எடுத்த டொக்டர் கடதாசியைப் பார்த்தவுடனே சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிட்டார். மாரடைப்புத்தான். நேரத்துக்குக் கொண்டு வந்தபடியால் மருந்து வேலை செய்தது. கொஞ்சம் கழித்து மச்சான் வந்து வெளியே நின்றார். நீதான் அவரை அனுப்பினாய். "நீங்க போங்க மச்சான், வந்த சனத்துக்குச் சோத்தப் போடுங்க. மச்சிக்கிட்ட நான் இரிக்கன்." நிக்காஹ் அன்றைக்கே நடந்தது. நீ அந்தக் கலியாணச் சோறு சாப்பிடவில்லை. ஆஸ்பத்திரி வாங்கிலில் ஒரு பிஸ்கட் பெட்டியோடு இருந்தாய். நான் உன் பக்கத்தில் இருந்தேன். எனக்கு இருந்தது முழுக்கப் பெருமைதான். அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

ராத்தா தேறி வந்த பிறகு உன்னை விடப் பெரிய பேச்சாளியாகிவிட்டா. "எனக்கு நெஞ்சு நோகவேயில்ல, இந்தத் தாடதான் நொந்த" என்று தாடையைத் தொட்டுக் காட்டி, போகிற கலியாண வீடு, மையித்து வீடெல்லாம் சொன்னா. வெள்ளிக்கிழமைப் பாயில் உனக்குப் பக்கத்தில் அவதான் இருந்தா. இப்போதும் இருக்கிறா. அல்லாஹ் அவவுக்கு இன்னும் ஆயுளைக் கொடுக்கட்டும்.

உன்னைக் கொண்டுபோனது வேறு வருத்தம். வயிற்றில் கட்டி என்று சொன்னபோது அது பரவிவிட்டிருந்தது. ஒப்பரேசன் செய்யலாமா என்று பார்க்க எல்லாச் சோதனையும் செய்தார்கள். இதயத்தை ஸ்கேன் பண்ணிய டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுக் கதைக்கப் பார்த்தார். நீ, இஞ்சேயே சொல்லுங்க என்றாய். அவர் கட்டிலடியில் நின்று சொன்னார், அம்மாவின் இதயம் நல்ல பலமாக இருக்கிறது, மற்றதற்குத்தான் தங்களால் ஒன்றும் செய்ய ஏலாது என்று. எனக்குக் கண் மறைத்தது. நீ என் கையைத் தட்டினாய்.

"கேட்டீங்களா? என்ட ஹார்ட்டு நல்லமாம்."

பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளை போல உன் முகம் இருந்தது. சாகிற வருத்தத்தில் கிடந்த ஒருத்தி அப்படிச் சிரித்ததை யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

உன் மையித்து வீட்டுக்கு வந்த பெண்களால் தெரு நிறைந்துவிட்டது. பள்ளிவாசலுக்குத் தூக்கும்போது வழி விடச் சொல்ல வேண்டியிருந்தது. நம்முடைய வாசலுக்கு மீன் கொண்டு வருகிற தமிழ்ப் பெண், கூடையை இறக்கிவிட்டுப் படலையைப் பிடித்துக்கொண்டு அழுதா. "அம்மா சொல்லித்தானே நான் பிரஷர் பாத்த" என்று என்னைப் பார்த்துச் சொன்னா. நீ அவவுக்கும் சொல்லியிருக்கிறாய் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். பெரிய மனிதர்கள் மவுத்தானால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அவர்கள் செய்ததையெல்லாம் சொல்வார்கள். உனக்கு அப்படி ஒருவரும் சொல்லவில்லை. பரவாயில்லை. நான் படலையடியில் நின்று கேட்டது எனக்குப் போதும்.

வெள்ளிக்கிழமைப் பாய் இப்போதும் விரிக்கிறார்கள். மகள் பார்த்துக்கொள்கிறாள். ஆடை எடுத்த தயிரை நான் இப்போதும் போடுகிறேன். குளிசையை நேரத்துக்குக் குடிக்கிறேன். பகல் சோற்றுக்குப் பிறகு ஒரு சின்னக் கிண்ணம் தயிர், பாணி இல்லை. அது இப்போது பழகிவிட்டது. தயிரின் உண்மையான புளிப்பே அப்படித்தான் தெரிகிறது.

போன மாதம் ஒருவர் கடைக்கு வந்தார்; தம்பி முறையில் என்னைக் காக்கா என்றுதான் கூப்பிட்டார். புதிதாக ஸ்டென்ட் வைத்தவராம். வருத்தக்காரருக்கு ஏற்ற தயிர் இங்கே கிடைக்கும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பெண்சாதி வெளியே மோட்டார் சைக்கிள் பக்கத்தில் பையோடு நின்றா. நான் சட்டியைக் கட்டிக்கொண்டே கேட்டேன்.

"வீட்டுக்காரிக்கு எல்லாம் பாத்தீங்களா?"

"அவளுக்கென்ன காக்கா? அவள் நல்லாத்தான் இரிக்காள். என்ன ஆஸ்பத்திரியில வெச்சுப் பாத்ததே அவள்தானே."

"அதுக்குத்தான் கேக்கிறன். அவவையும் ஒருக்காக் கூட்டிட்டுப் போய்ப் பாருங்க. மறுகா வந்து எனக்குச் சொல்லுங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். போன கிழமை அவர் வரவில்லை, அந்தப் பெண்தான் தனியாக வந்தா. பிரஷர் நன்றாகக் கூடியிருந்ததாம், குளிசை தந்திருக்கிறார்களாம். கொஞ்ச நாளாகவே படியேறும்போது மூச்சு வாங்கியதாம், வேலைக் களைப்பு என்று நினைத்து ஒருவருக்கும் சொல்லவில்லையாம். தயிரை வாங்கிக்கொண்டு போகத் திரும்பியவ, நின்று கேட்டா.

"காக்கா, பொம்புளையளுக்கும் இது வருமெண்டு உங்களுக்கு ஆரு சொல்லித் தந்த?"

"என்ட பொண்டாட்டி" என்றேன்.

"அவ டொக்டரா?"

"இல்ல புள்ள. இந்தக் கடைட முதலாளி."